நின்றால் ஆடும் தரை

என் அக்கா பினாங்கில் நர்ஸாக இருந்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் படித்து, வேலை கிடைத்து, சின்ன வயதிலேயே அங்கே போனவள். அவளுக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்த வருஷம், கோடை விடுமுறை தொடங்கியதும் நான் கப்பலேறிப் போய் அவளுக்குத் துணையாக இருந்தேன். பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. என் கணவர் புதுத் துறைமுகக் கட்டுமான வேலையில் வரைபடம் போடுகிற டிராப்ட்ஸ்மேன். எழுபதுகளின் தொடக்கம் அது.

போகும்போது கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. திரும்பும்போது ஜூன் மாதக் காற்று பிடித்துக்கொண்டது. கப்பலில் பாதிப் பேர் படுக்கையை விட்டு எழவில்லை. எனக்கு ஒரு குமட்டல்கூட வரவில்லை. தட்டில் ரசம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்திலேயே நின்றுவிட, படகில் கரைக்கு வந்தோம். சுங்கக் கொட்டகையில் வரிசையில் நின்றபோது தரை மெதுவாக முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடல் இன்னும் காலை விடவில்லை, ஊருக்குப் போனால் விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடவில்லை.

பள்ளி திறந்தது. கரும்பலகையில் எழுதும்போது இடது கையால் பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். காலைப் பிரார்த்தனைக்கு எல்லோரும் அசையாமல் நிற்கும் நேரம்தான் மோசம். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியதும் தரை மெல்ல எழும்பும், இறங்கும். தூங்குகிற பெரிய மிருகத்தின் முதுகில் நிற்பதுபோல் இருக்கும். தலை சுற்றவில்லை. அறை சுழலவில்லை. கண்ணுக்கு எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. காலுக்கும் முதுகுக்கும் மட்டும் இன்னும் கடல் இருந்தது.

அடுத்த வீட்டில் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அந்த அம்மாளின் கணவர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்த்தார். நான் குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, என்னவென்று அவள் கேட்டாள். சொன்னேன்.

"இது என்ன டீச்சர், புதுசா. எங்க வீட்டு ஆளும் கடல்ல இருந்து வந்தா ரெண்டு நாளைக்கு அப்படித்தான். குளிக்கும்போது செவரைப் புடிச்சிக்கிட்டுத்தான் குளிப்பாரு. பொறவு சரியாயிரும்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. இது என் கற்பனை இல்லை, வேறு மனிதருக்கும் வருவதுதான். அவர் தோணியிலிருந்து வந்தபோது அவரிடமே போய்க் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு நாளு, மிஞ்சிப் போனா மூணு நாளு. உங்களுக்கு மாசம் ஒண்ணு ஆவப் போவுதே. இப்படி நான் கேள்விப்பட்டதே இல்ல டீச்சர்."

அவர் மனைவி மாதா கோயில் விளக்கில் எரிந்த எண்ணெயைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்து தந்தாள். எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் வாங்கி இரண்டு உள்ளங்காலிலும் தடவிக்கொண்டேன். சபைப் போதகரான ஐயரிடம் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் டாக்டரிடம் போனோம். ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். கைராசிக்காரர் என்பார்கள். வாசல் வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் முறை வந்தபோது நான் முன்கூட்டியே மனத்துக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கப்பலை விட்டு இறங்கியபோது என்று ஆரம்பித்ததுமே அவர் என் கையைப் பிடித்து இரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கிவிட்டார். பார்த்து முடித்ததும், "பிரஷர் நல்லா இருக்கு. பிள்ளைக எத்தனை?" என்றார்.

"இல்ல, சார்."

"கல்யாணம் ஆகி?"

"பன்னிரண்டு வருஷம்."

அவர் தலையை ஆட்டினார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி ஓர் ஆட்டல். பிறகு என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தே பேசினார்.

"மனசுல ஒரு குறையை வச்சிக்கிட்டு இருந்தா தலை சுத்தத்தான் செய்யும். பயப்பட ஒண்ணும் இல்ல. சத்து ஊசி போடச் சொல்லுதேன். ராத்திரிக்கு ஒரு மாத்திரை. நல்லாத் தூங்கட்டும்."

"தலை சுத்தல, சார்," என்றேன். "தரை ஆடுது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்று சொல்லிக்கொண்டே மணியைத் தட்டினார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசி லாரியும் தாண்டும் வரைக்கும் என் கணவர் ஓரமாக நின்றார். பிறகு, "பிள்ளை இல்லாததுக்கும் தரை ஆடுறதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேட்டிருக்கணும்," என்றார். எனக்கு அவமானமாக இருந்தது உண்மை. பன்னிரண்டு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்குள்ளேயே வைத்திருந்ததை ஒருவர் மேசைமேல் எடுத்துப் போட்டு, அதுதான் நோய் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதைவிட வேறொன்று மனத்தில் குடைந்துகொண்டே இருந்தது. சுற்றுவதும் ஆடுவதும் ஒன்றுதானா? வகுப்பில் பம்பரத்தின் அசைவு வேறு, கடிகார ஊசலின் அசைவு வேறு என்று நானே படம் போட்டு விளக்குகிறவள். உடம்புக்குள் மட்டும் இரண்டும் எப்படி ஒன்றாகும்?

ஊசியைப் போட்டுக்கொண்டேன். மாத்திரையையும் விழுங்கினேன். நன்றாகத் தூங்கினேன். விழித்து எழுந்து நின்றால் தரை ஆடியது.

கணவரின் அலுவலகத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு சித்த வைத்தியரிடம் போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். வாதம் மேலே ஏறியிருக்கிறது என்றார். தலைக்கு ஓர் எண்ணெயும், குடிக்க ஒரு கஷாயமும் தந்து, கத்தரிக்காயும் கருவாடும் கூடாது என்றார். தூத்துக்குடியில் இருந்துகொண்டு கருவாடு இல்லாமல் சாப்பிடுவது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. சொன்னபடியே இருந்தேன். தலைமுடி நன்றாக வளர்ந்தது. வேறு மாற்றம் இல்லை. ஆனால் அவர் என் பேச்சை வெட்டவில்லை. சொல்லி முடிக்கும் வரைக்கும் இருந்து கேட்டார்.

நாசரேத்தில் என் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஹோமியோபதி பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்ப் பார் என்று சின்னம்மா சொல்லி அனுப்பினாள். எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சொட்டு மருந்தை அத்தனை தடவை தண்ணீரில் கலந்தால் கடைசியில் அதில் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்கிற வேதியியல் புத்தி எனக்கு. ஆனாலும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அவர் கேட்ட கேள்விகள் வேடிக்கையாக இருந்தன. மழைக்கு முன்னால் ஆட்டம் கூடுமா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன், இனிப்பு பிடிக்குமா புளிப்பு பிடிக்குமா, இடி இடித்தால் பயம் உண்டா என்றெல்லாம் கேட்டார். பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பம் இது இல்ல?"

"எப்பமும் இருக்கு, சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்தக் கஷ்டத்துக்கும் இல்லாத நேரம்னு ஒண்ணு உண்டு."

விடிந்ததிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். காலையில் பஸ்ஸில் வந்தபோது நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு, அக்காவுக்கு எழுத வேண்டியதை யோசித்துக்கொண்டு வந்தேன். அப்போது ஆட்டம் இருந்ததா? எவ்வளவு நினைத்துப் பார்த்தும் இருந்ததாக ஞாபகம் இல்லை. குலுங்கி ஓடுகிற பஸ்ஸில் ஆட்டம் தெரியாமல் போயிருக்கலாம். அல்லது உண்மையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளை உருண்டைகளை ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டு, சின்னம்மா வீட்டில் சாப்பாடுகூட இருந்து சாப்பிடாமல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். எனக்கு அவசரம். பஸ் நகர்ந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உடம்பைக் கவனித்தேன். பஸ் குலுங்கியது, நானும் குலுங்கினேன். அதற்குள்ளே இருந்து எழும்பி இறங்கும் அந்த மெதுவான அசைவு மட்டும் இல்லை. ஆழ்வார்திருநகரியில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். எஞ்சின் ஓய்ந்து, எல்லாம் அடங்கிய கொஞ்ச நேரத்தில் இருக்கை மெல்ல முன்னால் சாய்ந்தது. பின்னால் வந்தது. கடல் திரும்பிவிட்டது. டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்தார். கோயில் தெரு தாண்டுவதற்குள் கடல் காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தனக்குத்தானே சிரிக்கிற என்னைப் பார்த்துச் சற்றே விலகி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் நம்பாமல் இல்லை, ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கடற்கரைச் சாலையில் மிதித்தார். போகும்போது ஆட்டம் இல்லை. பழைய பாலத்தருகே நிறுத்திக் காலை ஊன்றினார். "இப்பம்?" "வந்திட்டு." மறுபடியும் மிதித்தார். "இப்பம்?" "போயிட்டு." வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதுமாக என்ன விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளை உருண்டைகள் ஒன்றும் செய்யவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றமாகவும் இல்லை. அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு வந்ததே போதும் என்று இருந்தது.

இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று துடிப்பாக இருந்தது. அவர் முன்பு நடந்துகொண்ட விதம் எனக்கு மறந்தே போய்விட்டது. இப்படி ஒரு விசித்திரமான விஷயத்தைக் கேட்டால் யாருக்கும் ஆர்வம் வரும் என்று நினைத்தேன். நகர்ந்தால் நிற்கிறது, நின்றால் ஆடுகிறது. உலகத்துக்கே தலைகீழாக அல்லவா இருக்கிறது. கணவரோடு போய்ச் சொன்னேன். அவர் பேனாவை வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பம் ஒரு பஸ்ஸை வாங்கிப் போட்டுர வேண்டியதுதான்," என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். கம்பவுண்டர் சிரித்தார்.

"இல்ல சார், இதுக்கு ஏதாவது காரணம் இருக்குமேன்னு..."

"டீச்சரம்மா, நீங்க நோயைச் சொன்னாப் போதும். ஆராய்ச்சி நாங்க பாத்துக்கிடுதோம். மாத்திரையை ஒழுங்கா எடுக்கியளா?"

எடுத்தேன் என்றும், நடுவில் நாட்டு மருந்தும் ஹோமியோபதியும் பார்த்தேன் என்றும் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சீட்டுப் புத்தகத்தை மூடினார்.

"அப்பம் அங்கனயே போயிக்கோங்க. நாலு இடத்துல காலை வச்சா எந்த வைத்தியமும் பலிக்காது."

வெளியே வந்தேன். காத்திருந்தவர்களின் நடுவே நடந்துபோக வேண்டும். அவர்களில் என் மாணவியின் தாயார் ஒருத்தி இருந்தாள். எழுந்து வணக்கம் சொன்னாள். அவள் முன்னால் சுவரைப் பிடிக்கக் கூடாது என்று நினைத்தே நடந்தேன். சாலைக்கு வந்ததும் அழுதேன். அவர் நம்பவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்ன இது என்று ஒரு நிமிஷம்கூட அவருக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கணவர் அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய வரைபடத் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்தார்.

"நீ ஆடுதியா, இல்ல ஆடுற மாதிரி உனக்கு இருக்கா? அதை முதல்ல பாத்திருவம்," என்றார்.

தாளைச் சுவரில் ஒட்டினார். எனக்குப் பின்னால் மேசைமேல் ஒரு பல்பை வைத்தார். என் தலையின் நிழல் தாளில் பெரிதாக விழுந்தது. நிழல் பெரிதானால் அசைவும் பெரிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. நான் அசையாமல் நிற்க, நிழலின் ஓரம் எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தார். பிறகு நான் பென்சிலை வாங்கிக்கொண்டேன். அவர் நின்றார்.

அவர் நிழலும் ஆடியது. கொஞ்சமாக, சிலிர்ப்பது மாதிரி. அவர் திரும்பிப் பார்த்து, "நான் கல்லு மாதிரில்லா நின்னேன்," என்று ஆச்சரியப்பட்டார். அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு நிற்க வைத்தோம். அவளும் ஆடினாள், எங்கள் இரண்டு பேரையும்விடக் குறைவாக. "கடலுக்குப் போறவன் பெண்டாட்டி கரையில உறுதியா நிக்கணும்லா," என்றாள். மனிதர் எல்லோரும் நிற்கும்போது கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அது புதிய செய்தி. இத்தனை வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் புள்ளிகள் மட்டும் அவர்களுடையதைத் தாண்டி அகலமாகப் பரவிக் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது இன்னும் அகலம். கணவர் அளவுகோலை வைத்து அளந்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏளா, நீ உள்ளபடியே ஆடுத," என்றார்.

எத்தனையோ நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தேன். உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கினாற்போல இருந்தது.

பாளையங்கோட்டையில் காது, மூக்கு, தொண்டை பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருப்பதாகத் தெரிந்து, மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் போனோம். வரைபடத் தாளை எடுத்துவரவா என்று கணவர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். இன்னொரு தடவை ஆராய்ச்சி என்ற வார்த்தையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அந்த டாக்டருக்கு ஏறக்குறைய என் வயது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இசைக்கவையைத் தட்டி, அது அதிரும்போதே நெற்றியில் வைத்தார். பிறகு காதில் முதலில் குளிர்ந்த நீரும் பின்னால் வெதுவெதுப்பான நீரும் விட்டார். அப்போது அறை உண்மையிலேயே சுழன்றது. கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான் உங்களுக்கு வருதா?"

"இல்ல டாக்டர். இது சுத்துது. எனக்கு வாறது ஆட்டம்."

"சரி. ரெண்டும் வேறதான்," என்றார்.

பிறகு என்னைக் காலைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "ஆடுறீங்க," என்றார்.

"உங்களுக்குத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுதே."

உட்காரச் சொன்னார். நான் கப்பலில் தொடங்கி, பஸ், சைக்கிள் எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தயக்கம் போய்விட்டது. நிழல் விஷயத்தையும் கணவர் சொன்னார். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பல்பை எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"காதுல கோளாறு இல்ல. பயப்படுற மாதிரி வேற எதுவும் எனக்குப் படல. ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியாது. படிச்ச ஞாபகமும் இல்ல. உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு ரெண்டு நாள்ல போகுது. உங்களுக்கு மெதுவாப் போகலாம். அது என் ஊகம்தான்."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பயம் வரவில்லை. எங்களோடு அவரும் உட்கார்ந்து நிழல் விழுந்த அதே சுவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தூக்க மாத்திரையை நிறுத்தச் சொன்னார். படுத்துக் கிடக்காமல் தினமும் நடக்கச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது, "ஒரு நிமிஷம். பஸ்ல கண்ணை மூடிக்கிட்டு இருந்து பாத்தியளா? அப்பமும் ஆட்டம் இல்லையா?" என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த தடவை வரும்போது பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். அன்றைக்குத் தூத்துக்குடி வரும் வரைக்கும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். ஆட்டம் இல்லை. இன்னொரு தடவை போய் அதைச் சொன்னபோது அவர் கண் விரிந்தது. "அப்பம் பஸ்ல ஆட்டம் நிக்கிறதுக்கும் பார்வைக்கும் சம்பந்தம் இல்ல," என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

காலையிலும் மாலையிலும் கடற்கரையில் நடந்தேன். மழை பெய்தால் வீட்டு முற்றத்தில் நடந்தேன். ஒரேயடியாக எதுவும் மாறவில்லை. சில நாள் பிரார்த்தனை நேரத்தில் நன்றாக நிற்பேன். மறுநாள் மறுபடியும் ஆடும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாசலில் காகித நட்சத்திரம் கட்ட ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர், "ஏளா, எங்க நிக்கன்னு பாத்தியா," என்றார். நான் ஸ்டூலின்மேல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நின்றிருந்தேன். எப்போது போனது என்று தெரியவில்லை. போவதைக் கவனித்துவிட வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன். அது சொல்லாமல் போய்விட்டது.

அதற்கு ஒரு பெயர் உண்டு என்றும், படகை விட்டு இறங்கிய சிலருக்கு மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட இருக்கும் என்றும், பெண்களுக்குத்தான் அதிகமாக வருமென்றும் வெகு காலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

அந்த முதல் டாக்டரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அவரே அடையாளம் கண்டு, "தலைசுத்து எப்படி இருக்கு, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"போயிட்டு, சார்."

"நான் அப்பமே சொன்னம்லா," என்றார் சந்தோஷமாக. அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தோம்.

அந்தப் பத்தாண்டு முடியும் சமயத்தில், தன் மகளுக்குக் கல்யாணம், நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்று அக்கா எழுதினாள். கணவர், "கப்பலா, விமானமா?" என்று என்னைக் கேட்டார். உண்மையைச் சொன்னால், கப்பலில் போய் மறுபடியும் வருகிறதா என்று பார்க்கலாமே என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. விமானத்தில்தான் போனோம். பினாங்கில் இறங்கி, பெட்டி வரும் வரைக்கும் அந்தப் பளபளப்பான தரையில் காலைச் சேர்த்துவைத்து அசையாமல் நின்றேன். கணவர் பார்த்துவிட்டார்.

"ஆடுதா?"

"கொஞ்சம் பொறுங்க, பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அக்கா எங்களைக் கண்டுகொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.